மூன்றாம் ராசாவின் மனிசி

வலையிலிருந்து நண்டு கழற்றுவது அருமைநாயகியின் வேலை. விடியப்புறம் கடலால் வந்ததும் அவள் புருசன் இன்னாசித்தம்பி வலையை முற்றத்து வேப்பமரத்தின் கீழ் குவித்துப் போடுவார். கால் கழுவுவார். கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி குடிப்பார். அவள் பலகைக்கட்டையில் குந்தியிருந்து, நண்டை முதுகுப் பக்கமாகப் பிடித்து, காலில் சுற்றிய நூலை ஒவ்வொரு சுற்றாக எடுப்பாள். அவசரப்பட்டால் கால் முறியும். கால் முறிந்த நண்டை, வாங்க வருகிற கொம்பனிக்காரன் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

இது கதைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலைதான். பக்கத்து வளவுகளில் புருசனும் பெண்சாதியும் அப்படித்தான் செய்கிறார்கள். இந்த வளவில் அந்தப் பழக்கம் விட்டுப்போய்ச் சில வருடங்கள். "கூடையை எடு", "சாரம் காஞ்சிட்டுதோ", "சோறு போடன்" என்ற அளவில் குடும்பம் ஓடியது. சண்டை என்றும் சொல்லமுடியாது. சண்டைக்கு இரண்டு பேர் கதைக்க வேண்டும்.

அன்றைக்குக் கதைக்க வந்தவர், கோயில் கூத்தில் இரண்டாம் ராசா பாடுகிற தம்பிஐயா. படலையைத் திறக்காமல், அதற்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னாசி! மெய்யே நான் கேள்விப்பட்டது?"

"என்ன கேள்விப்பட்டனி?"

"இந்தப் பெருநாளுக்கு இரண்டாம் ராசா இல்லையாமே."

"முதலாம் ராசாவும் இல்லை. ஒரு ராசாதான். இப்பத்தைச் சனத்துக்கு ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேலை பொறுமை இல்லைக் கண்டியோ. என்ரை மோள் எல்லாம் யோசிச்சுத்தான் சுருக்கியிருக்கிறாள்."

"அந்த ஒரு ராசா ஆர்?"

இன்னாசித்தம்பி தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். பதில் அதிலேயே இருந்தது.

"அப்ப வேட்டைப் பாட்டும் நீ, கோவப் பாட்டும் நீ, அழுகைப் பாட்டும் நீ?" தம்பிஐயா படலையை ஒரு உலுக்கு உலுக்கினார். "நீ கோவப்பட்டால் தெருநாய்கூட எழும்பாதேயடா! எங்கடை அப்பு பாடின பாட்டு அது. மங்களத்தையும் நீயே பாடு. உன்ரை செத்தவீட்டுக்கு பாண்டையும் நீயே அடி!"

"காலம் மாறுது மச்சான். நீயும் மாறவேணும்."

"காலம் மாறேக்கை எல்லாம் உனக்கு மட்டும் எப்பிடியடா லாபமா மாறுது?" பிறகு அவர் அருமைநாயகியின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீயாவது சொல்லு உந்த மனிசனுக்கு."

"நீங்களே சொல்லுங்கோ அண்ணை. எனக்குக் கையெல்லாம் நண்டு" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"நீ சொல்லமாட்டாய். ஒருத்தனிட்டை ராசாவைப் பறிச்சது காணாதெண்டு இப்ப இன்னும் ரெண்டு பேரிட்டைப் பறிக்கிறான். அந்த ஒருத்தன் ஆரெண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவர் போய்விட்டார். அருமைநாயகியின் கையிலிருந்த நண்டின் கால் முறிந்தது. இன்னாசித்தம்பி அதைப் பார்த்தார். அவள் அதைக் கறிச்சட்டிக்கென்று தனியே போட்டாள்.

குருநகரில், கோயில் பெருநாளுக்கு விடிய விடியப் போடும் அரசி நாடகம் என்ற கூத்து எல்லாருக்கும் தெரியும். கதை பெரிதாக ஒன்றுமில்லை. ராசா வேட்டைக்குப் போன இடத்தில் மார்சலினாள் என்ற வேதக்காரப் பெண்ணைக் கண்டு முடிக்கிறார். மந்திரி சொன்ன பொய்யைக் கேட்டு அவளை வனத்துக்குத் துரத்துகிறார். பல காலத்துக்குப் பிறகு உண்மை தெரிந்து, தேடிப்போய்க் காலில் விழுந்து அழுகிறார். அரசி பொறுத்துக்கொள்கிறாள். மங்களம் பாடி முடிய விடிந்துவிடும்.

இரவு முழுக்க ஒரு தொண்டையால் பாடமுடியாது என்பதால், ராசாவை மூன்று பேர் பங்குபோட்டுப் பாடுவார்கள். வேட்டையும் கலியாணமும் முதலாம் ராசாவுக்கு. கோபமும் துரத்தலும் இரண்டாம் ராசாவுக்கு. அழுகை மூன்றாம் ராசாவுக்கு. திரைக்குப் பின்னால் ஒருவர் தலையிலிருந்து முடியைக் கழற்றி மற்றவர் தலையில் வைப்பார்கள். மூன்று ராசாவும் மூன்று குடும்பத்துக்கு; தகப்பனிடமிருந்து மகனுக்கு. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை. மூன்றாம் ராசாவுக்குத்தான் மவுசு. பாயில் நித்திரையாகிக் கிடக்கும் பிள்ளைகளைத் தட்டி எழுப்பி, "எழும்பு, ராசா அழப்போறார்" என்று தாய்மார் சொல்லுவார்கள். மாலை போடுபவர்களும் சோடா உடைத்துக் கொடுப்பவர்களும் அந்த நேரத்துக்குத்தான் மேடையில் ஏறுவார்கள்.

அருமைநாயகியின் தகப்பன் மூன்றாம் ராசா. அவருக்குப் பின் மூத்த மகன் சிமியோன் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். இன்னாசித்தம்பி அப்போது பிற்பாட்டுக்காரர்; ராசா பாடியதை ராசாவின் முதுகுக்குப் பின்னால் நின்று திருப்பிப் பாடுகிறவர். நல்ல குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் தகப்பன் பெண் கொடுத்தார் என்றும், குரலைப் பார்த்தவர் ஆளைப் பார்க்கவில்லை என்றும் இரண்டு விதமாகக் கதை உண்டு.

தொண்ணூற்றைந்தில், யுத்தத்துக்குப் பயந்து ஊர் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது சிமியோன் அதற்கும் அப்பால் வன்னிக்குப் போய், முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்து அங்கேயே தங்கிவிட்டான். சமாதான காலத்தில் கோயிலில் மறுபடி கூத்துப் போட்டபோது அவன் இல்லை. தகப்பனுக்குக் குரல் போய்விட்டது. முடியை எடுத்து மருமகனின் தலையில் வைத்தார். சீதனத்தோடை ராசாவும் வந்தது என்று ஊர் சொன்னது. அதில் பாதி பகிடி, பாதி எரிச்சல்.

யுத்தம் முடிந்து முகாமிலிருந்து சிமியோன் திரும்பி வந்தான். வீடில்லை, வள்ளமில்லை. அவன் அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. ஒரு பின்னேரம் வந்து, தங்கச்சி ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்:

"மச்சான், ராசாவை நீயே வைச்சிரு. அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் ஒரு வருசம் எனக்குத் தா. அப்புவின்ரை பாட்டு. ஒருக்கால் பாடிப்போட்டு விடுறன்."

"வன்னியிலை கிடந்து காய்ஞ்ச தொண்டைக்கு உது சரிவராது" என்றார் இன்னாசித்தம்பி. பகிடியாகச் சொன்னேன் என்று பிறகு சொன்னார். சிமியோன் சிரிக்கவில்லை. அவன் திருப்பிச் சொன்னதும் நல்ல வார்த்தையில்லை; பெண்டாட்டி வீட்டு முடியில் தலை வைத்துப் படுக்கிறவன் என்றான். தேத்தண்ணிக் கோப்பை முற்றத்தில் உடைந்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் நன்மை தின்மை இல்லை. பிள்ளைகள் கோயிலில் முதல் நன்மை எடுத்ததற்குப் போகவில்லை, கலியாணத்துக்குப் போகவில்லை. இந்தப் பக்கத்தில் அப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. ஆனால் ஒரு செத்தவீட்டோடு அநேகமாக அது முடிந்துவிடும். செத்தவீட்டுக்குப் போகாமல் விடுகிறவர்கள் குறைவு.

சிமியோன் சிறுநீரகம் பழுதாகிச் செத்தான். அருமைநாயகி சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"ஒருக்கால் முகத்தைப் பாத்திட்டு வாறன்."

இன்னாசித்தம்பி படலையைச் சாத்திவிட்டு அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார். "போ. போனால் அங்கையே இரு" என்றார்.

சவம் அவர்களுடைய ஒழுங்கையால்தான் கோயிலுக்குப் போனது. வேறு பாதை இல்லை. பாண்ட் சத்தம் படலையடியில் கொஞ்சம் தாமதித்தது. அவளுக்காக வேண்டுமென்றே நிற்பாட்டினார்கள் என்று பிறகு சொன்னார்கள். அவள் குசினியில் நின்றாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அவள் அதைத் துழாவிக்கொண்டிருந்தாள். பயத்தில் போகாமல் விட்டதைவிட, குழம்பு அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அவளுக்குப் பிறகு ஆறவில்லை.

அந்த வருடப் பெருநாளுக்கும் கூத்து நடந்தது. மூன்றாம் ராசா முழங்காலில் நின்று பாடினார்:

சதிகாரன் மந்திரிசொல் கேட்டு – உன்னைத்
தனிவனம் துரத்தினேன் பெண்ணே
பொறுத்தருள்வாய் பொறுத்தருள்வாய் – நான்
புழுவாகிப் போனேனே கண்ணே

சனம் அழுதது. முன்வரிசையில் இருந்த அருமைநாயகியின் கையைப் பக்கத்தில் இருந்தவள் பிடித்து, "குடுத்து வைச்சனி அக்கா, உப்பிடி ஒரு மனிசன்" என்றாள். அருமைநாயகி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அவளுக்குத் தடிமன் பிடித்திருந்தது.

இன்னாசித்தம்பி குடிக்கிறவரில்லை, அடிக்கிறவரில்லை. அவளுக்குத் தலையிடி வந்தால் சோறு வடிப்பார். நண்டு கடித்து விரல் வீங்கினால் மஞ்சள் அரைத்துப் பூசிவிடுவார். ஆனால் பிழை என்ற சொல் மற்றவர்களுக்கு முன்னால்தான் அவர் வாயில் வந்தது. கீழே ஒரு வரி, மேலே ஒரு வரி என்று மெட்டோடு வந்தது.

இப்போது மகள் ஜெயனி நெல்லியடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறாள். இளந்தாரிமார் வந்து, வெளிநாட்டுச் சனமும் வரும் பெருநாள், இளம் பிள்ளைகள் எழும்பிப் போகாதமாதிரி அரசி நாடகத்தைப் புதுசாக்கித் தாங்கோ ரீச்சர் என்று கேட்டார்கள். அவள் சுருக்கினாள். மந்திரியின் சூழ்ச்சியை நாலு பாட்டிலிருந்து ஒன்றாக்கினாள். அரசி வேசத்தை ஆம்பிளைக்குக் கட்டாமல் கோயில் பாடற்குழுவில் பாடுகிற மேர்சிக்குக் கொடுத்தாள். மூன்று ராசாவை ஒன்றாக்கினாள்.

தகப்பன் மகளுக்காக ஊரோடு அடிபட்டார். கோயில் வாசலில், ஜெற்றியில், ஐஸ் வாங்குகிற இடத்தில். "படிச்ச பிள்ளை செய்யிறாள், விளங்காட்டில் வாயை மூடிக்கொண்டிருங்கோ." ஜெயனி பாட்டுகளைப் போனில் அனுப்பினாள். அவர் ராசாவின் வரிகளை மட்டும் பார்த்தார். கூத்துக்காரர் வேறொருவரின் வரியைப் பார்ப்பது வழக்கமில்லை. மற்றவர் என்ன பாடுவார் என்று காலகாலமாகத் தெரியும்தானே. ராசாவின் வரி ஒன்றும் குறையவில்லை. அழுகைப் பாட்டு முழுதாக இருந்தது. அவருக்குத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் முழுதாக ஓடிப் பார்த்தார்கள். அருமைநாயகி கொத்தமல்லித் தண்ணீரோடு வந்து பின்னால் கிடந்த வாங்கிலில் இருந்தாள். அவருடைய தொண்டைக்கு அது வேண்டும்; எத்தனை வருடம் கதைக்காமல் இருந்தாலும் அதை அவள் தவறவிட்டதில்லை.

வேட்டைப் பாட்டு நன்றாகப் போனது. கோபப் பாட்டில் குரல் கொஞ்சம் பிசிறியது. யன்னலுக்கு வெளியே நின்ற தம்பிஐயா பலமாகச் செருமினார். பிறகு அழுகைப் பாட்டு. இன்னாசித்தம்பி முழங்காலில் விழுந்தார். அந்தக் குரலுக்கு ஒருவரும் குறை சொல்லமுடியாது. மத்தளக்காரன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். கடைசி "பொறுத்தருள்வாய்" முடிந்தது. இனி அரசி குனிந்து, "பொறுத்தேன் என் நாதரே எழும்பும் – இந்தப் பூமியில் குற்றமில்லார் ஆரோ" என்று பாடித் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டும்.

மேர்சி நின்றாள். அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பிள்ளை, வரி மறந்து போச்சோ?"

மேர்சி ஜெயனியைப் பார்த்தாள்.

"மறக்கேல்லை அப்பா" என்றாள் ஜெயனி. "அவள் ஒண்டும் சொல்லமாட்டாள். அதோடை முடியுது. பேந்து மங்களம்."

"சொல்லமாட்டாளோ? சொல்லாமல் நான் எப்பிடி எழும்பிறது?"

"எழும்பத் தேவையில்லை. நீங்கள் முழங்காலிலை நிக்க லைற்றை நிப்பாட்டுவம்."

யன்னலில் தம்பிஐயா வாய்விட்டுச் சிரித்தார். "கிட மச்சான், கிட! ராசா முழுக்க நீதானே. வடிவாய்க் கிட!"

இன்னாசித்தம்பி எழும்பினார். முழங்கால் தூசியைத் தட்டவில்லை. "என்னடி செய்து வைச்சிருக்கிறாய்? வேதக்கதையடி அது. பொறுக்கிறதுதான் கதை. பொறுக்காட்டில் அவள் என்ன அரசி?"

"அவள் வனத்திலை கிடந்தவள் அப்பா. இவர் வந்து ஒரு பாட்டுப் பாடினவுடனை எல்லாம் சரியோ? பள்ளிக்கூடத்திலை பெட்டையளிட்டைக் கேட்டன். ஒருத்தி சொன்னாள், 'ரீச்சர், அவர் இப்பவும் மந்திரியைத்தானே குற்றம் சொல்லுறார்' எண்டு."

"பெட்டையள் சொல்லுறதைக் கேட்டோ கூத்துப் போடுறது?"

"அப்ப ஆருக்குப் போடுறது? செத்த ஆக்களுக்கோ?"

செத்த ஆக்கள் என்றதும் எல்லாருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகம் வந்தது. அருமைநாயகி கொத்தமல்லித் தண்ணீர்ப் போத்தலை வாங்கிலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டிலும் அது முடியவில்லை. தகப்பனும் மகளும் ஒரே மாதிரி. இருவருக்கும் கோபம் வந்தால் கை இடுப்புக்குப் போகும்.

"சிமியோன்ரை மனிசி ஓதிவிட்டவள் உனக்கு. நீ அங்கை போய் வாறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?"

"போறனான்தான். மாமி. ஏன் போகக்கூடாது? என்னையும் படலையடியிலை கதிரை போட்டு மறிக்கப்போறியளோ?"

"பாத்தியோ, பாத்தியோ! எனக்குத்தான் எழுதியிருக்கிறாள்! தேப்பனை ஊருக்கு முன்னாலை முழங்காலிலை விடுறதுக்கு!"

"நான் ராசாவுக்கு எழுதினன். உங்களுக்கு ஏன் சுடுது?"

"எனக்கு உந்தக் கூத்து வேண்டாம். நான் பாடமாட்டன்."

"சரி. தம்பிஐயா மாமா நிக்கிறார். கேட்டுப் பாத்தனான். மூண்டு ராசாவும் பாடுவாராம். முழங்காலிலை எவ்வளவு நேரமெண்டாலும் நிப்பாராம்."

இன்னாசித்தம்பி கதிரையில் இருந்துவிட்டார். அந்த அடியை அவர் எதிர்பார்க்கவில்லை. ஜெயனிக்குக்கூட அந்த முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் ஒருமாதிரி இருந்திருக்க வேண்டும். குரலைக் குறைத்துச் சொன்னாள்:

"ஒண்டு செய்யிறன். அம்மா சொல்லட்டும். அரசி பொறுக்கவேணும் எண்டு அம்மா சொன்னால், அந்த வரியை அப்பிடியே மேர்சியிட்டைக் குடுக்கிறன். சனிக்கிழமை உடுப்போடை ஓடிப் பாக்கிறம். அதுக்கு முன்னம் சொன்னால் காணும்."

குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அருமைநாயகி வெளியே வந்தாள்.

"என்னை ஏன் உதுக்குள்ளை இழுக்கிறாய்?"

"நீங்கள்தானே அம்மா..."

"நான்தானே என்ன? உனக்கு உன்ரை தேப்பனோடை சண்டை பிடிக்கத் தைரியம் இருந்தால் நீ பிடி. இல்லையெண்டால் விடு. எழுதிறதையும் எழுதிப்போட்டுக் கையெழுத்தை என்ரை தலையிலை கட்டுறியோ? படிச்சவள் எண்டால் இதோ பழக்கம்?"

ஜெயனி போய் மீதிக் கீரையை ஆயத் தொடங்கினாள். ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை.

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் புதுச் சத்தங்கள் கேட்டன. இன்னாசித்தம்பி தானே தேத்தண்ணி போட்டார். அவளுக்கும் ஒன்று போட்டு வேப்பமரத்தடியில் வைத்தார். சீனி கூடிப்போய் எறும்பு மொய்த்தது. பலகைக்கட்டையை இழுத்துப் போட்டு நண்டு கழற்றப் பக்கத்தில் வந்து குந்தினார். கால் முறிந்த நண்டுகளால் கறிச்சட்டி நிரம்பியது.

"விடுங்கோ, நான் பாக்கிறன்."

"ஏன், நான் செய்தால் ஆகாதோ?"

"செய்யிற வேலையாலை மூண்டு நாளா நண்டுக் கறிதான் தின்னுறம்."

"நல்லதுக்கு வந்தாலும் குத்துறாய்."

"நல்லதுக்கோ வந்தனியள்?"

ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அரசி பொறுக்காமல் விட்டால் கோயிலுக்கு ஆகாது என்று ஒரு பகுதி. பொறுக்காமல் விட்டால்தான் பார்க்க வருவோம் என்று இன்னொரு பகுதி. அதில் அநேகமாகப் பெண்கள். கடையில், குழாயடியில், பூசை முடிந்து வெளியே வரும்போது, எல்லாரும் அருமைநாயகியைப் பிடித்துக்கொண்டார்கள். "என்ன அக்கா சொல்லப்போறியள்?" ஒருத்தி, "சொல்லாதையுங்கோ அக்கா, கிடக்கட்டும்" என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய மனிசன் எப்படிப்பட்டவன் என்று அருமைநாயகிக்குத் தெரியும். ஏன் சொன்னாள் என்றும் தெரியும். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லாருடைய மனிசனுக்கும் சேர்த்துத் தான் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒரு நாடகம் காணாது.

வியாழக்கிழமை இன்னாசித்தம்பி நேரே கேட்டார். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவளிடம். "என்ன முடிவு?"

"நாடகத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்?"

"தெரியாதோ? உன்ரை அப்பு வீட்டிலை நித்திரையிலும் பாடினவள் நீ."

"அப்பு வீட்டுக் கதையை நீங்கள் எடுக்காதையுங்கோ."

"எடுத்தால் என்ன? எத்தினை வருசத்துக்கு மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டிருக்கப் போறாய்? அதுக்குத்தான் சாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்தாச்சு. ஆண்டவர் பொறுத்திட்டார்."

"ஆண்டவரின்ரை கூடப்பிறந்தவனோ செத்தது?"

அவள் சேலையை முறுக்கிப் பிழிந்து உதறினாள். நீர் அவருடைய முகத்தில் பட்டது. வேண்டுமென்று உதறவில்லை. வேண்டாமென்று தள்ளி நிற்கவுமில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஜெயனி உடுப்புப் பெட்டிகளோடு மண்டபத்துக்குப் போய்விட்டாள். போகும்போது, "நான் கேக்கமாட்டன் அம்மா. போன் அடிக்காட்டில் புது மாதிரித்தான்" என்று மட்டும் சொன்னாள். அருமைநாயகி தலையை ஆட்டினாளா இல்லையா என்று மகளுக்குப் பார்க்கத் தைரியமில்லை.

இன்னாசித்தம்பி முன் அறையில் இருந்தார். சவரம் செய்திருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மண்டபத்துக்குப் போக வேண்டும். அவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு வந்து, அவருக்கு எதிரில் இருந்த கதிரையில் உட்கார்ந்தாள். அவர்கள் இருவரும் அப்படி முகத்துக்கு முகம் இருந்து நெடுநாள். அவருக்கே அது ஒரு நல்ல அறிகுறியாகப் பட்டிருக்க வேண்டும், குரல் இளகியது.

"அருமை, நான் உன்னைக் கெஞ்சிக் கேக்கேல்லை. ஆனால் யோசிச்சுப் பார். வெளிநாட்டிலை இருந்து சனம் வருது. எல்லாரும் பாத்துக்கொண்டிருக்க நான் முழங்காலிலை கிடக்க, லைற்றை நிப்பாட்டினால், அவங்கள் ராசாவையோ பாப்பாங்கள்? என்னையெல்லோ பாப்பாங்கள். பேந்து நான் ஜெற்றிப் பக்கம் எப்பிடிப் போறது?"

"போகேலாதுதான்."

"அப்ப ஒரு சொல்லுச் சொல்லு. பொறுத்தன் எண்டு. ஒரு வரிதானே."

"ஆர் பொறுக்கிறது? அரசியோ, நானோ?"

"ரெண்டும் ஒண்டுதானே இப்ப. உன்ரை மோள் ஒண்டாக்கி வைச்சிருக்கிறாள்."

"ஓம், ஒண்டுதான்" என்றாள் அருமைநாயகி. "அப்ப நீங்களும் ராசாவும் ஒண்டு. அந்தப் பாட்டை நான் எத்தினை பெருநாளுக்குக் கேட்டிருப்பன். என்னைப் பாத்துப் பாடினதாத்தான் சனம் நினைக்கிது. நானும் ஒரு வருசம் அப்பிடி நினைச்சுப் பாத்தன். மந்திரி சொல்லித்தான் செய்தன் எண்டு பாடினியள். எங்கடை வீட்டிலை மந்திரி இல்லை. படலையடியிலை கதிரையைப் போட்டு இருந்தது ஆர்?"

அவர் சவரம் செய்த தாடையைத் தடவினார்.

"பாட்டு வேண்டாம். மெட்டு வேண்டாம். முழங்காலிலையும் நிக்கவேண்டாம், உங்களுக்கு மூட்டு வருத்தம். இருந்த இடத்திலை இருந்து, கதைக்கிற மாதிரிச் சொல்லுங்கோ. சிமியோன் அண்ணையைப் பாக்க என்னை விடாதது ஆர், அது சரியோ பிழையோ. அவ்வளவுதான். சொன்னியள் எண்டால் இப்பவே ஜெயனிக்குப் போன் அடிக்கிறன். மேர்சி பொறுக்கட்டும். நானும் பொறுக்கிறன்."

இன்னாசித்தம்பி தொண்டையைச் செருமினார். பாட்டுக்கு முன்னால் செருமுகிற அதே செருமல். முதுகு நிமிர்ந்தது. வாய் திறந்தது.

"அது வந்து... அந்த நேரம் உன்ரை அண்ணர் கதைச்ச கதையும்..."

அவள் கையைத் தூக்கினாள். அவர் நிறுத்தினார். மறுபடி தொடங்கப் பார்த்தார். உதடு அசைந்தது. வலது கை தன்பாட்டில் தொடையில் தாளம் போடத் தொடங்கியது. அதைக் கண்டதும் அவர் மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டார். சனம் விடிய விடியக் கேட்டும் அலுக்காத தொண்டை. அதற்கு ஒரு சின்ன வசனம் வரவில்லை.

ஒழுங்கையில் யாரோ பாண் விற்கிறவனைக் கூப்பிட்டார்கள். சைக்கிள் நின்றது, பிறகு போனது.

"சொல்லுங்கோவன்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியது கிட்டத்தான் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிவிட்டால் வந்துவிடும் என்று நினைத்த குரல். "பிழை எண்டு ஒரு சொல்லு. ஆரும் கேக்கமாட்டினம். நான் மட்டுந்தான் இருக்கிறன்."

அவர் நிலத்தைப் பார்த்தார். ஆரும் கேக்கமாட்டினம் என்றதுதான் அவருக்கு இன்னும் கடினமாகப் போயிருக்க வேண்டும்.

அவள் மேசையில் கிடந்த போனை எடுத்து, அவருடைய கதிரைக் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஜெயனிக்கு நான் போன் அடிக்கமாட்டன்" என்றாள்.

"அண்டைக்கு நான் போயிருந்தால், மெய்யா என்னைத் திரும்ப வீட்டுக்குள்ளை விட்டிருக்கமாட்டியளோ?"

கதவடியில் நின்று கொஞ்சம் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. அவள் அறையை விட்டுப் போனாள்.